நண்பர்களோடு உணவகத்துக்கு: பிரன்ச்சா, இரவு உணவா என்று முடிவெடுப்பது எப்படி

பெயர்பெற்ற ஓர் உணவகத்தில் ஆறு பேரோ எட்டுப் பேரோ கூடி உண்ணலாம் என்று பேச்சு எழுந்ததும், காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிய பிரன்ச்சுக்கு முற்பகலில் போவதா, இரவு உணவுக்குப் போவதா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. பலரும் அதற்கு நாவின் விருப்பத்தை வைத்தே விடை தேடுகிறார்கள். ஒருவருக்கு முட்டையும் காப்பியும் பிடிக்கும், இன்னொருவருக்கு நண்டும் மீன் தலைக் கறியும் பிடிக்கும். பேச்சு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து, சில நாள்களில் வாட்ஸ்அப் குழுவே ஓய்ந்துவிடுகிறது. என் கருத்தில், முதலில் கேட்க வேண்டியது அந்த மேசை நமக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதுதான். அடுத்துக் கேட்க வேண்டியது, வருகிறவர்களில் நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி யாருக்கு மிகக் குறைவு என்பது. என்ன உண்பது, எவ்வளவு செலவழிப்பது, எப்படிப் போய் வருவது என்பவற்றை அதன் பிறகு பார்த்தால் போதும்.

மேசை எத்தனை மணி வரை நம்முடையது?

சிங்கப்பூரில் கடை வாடகையும் ஆட்செலவும் அதிகம். ஆகவே கூட்டம் சேரும் உணவகம் எதுவும் ஒரு வேளை முழுவதற்கும் ஒரு மேசையை ஒரே குழுவிடம் விட்டுவைக்க முடியாது. வார இறுதி பிரன்ச்சுக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடும் இடங்கள் பல. சில இடங்களில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். இரவு உணவைப் பெரும்பாலும் இரண்டு பந்திகளாகப் பிரித்திருப்பார்கள்: மாலை 6 மணியை ஒட்டி ஒன்று, 8 மணியை ஒட்டி மற்றொன்று. முதல் பந்தியில் அமர்ந்தவர்கள் அடுத்த பந்திக்காக எழுந்துதான் ஆக வேண்டும். இரண்டாம் பந்தியில் அமர்ந்தவர்களுக்குப் பின்னால் வேறு யாரும் காத்திருப்பதில்லை. சமையலறை மூடும் நேரத்தில் கடைசி ஆர்டர் கேட்டு வருவார்களே தவிர, இருக்கையைக் கேட்டு வர மாட்டார்கள்.

ஒன்றரை மணி நேரம் என்பது கேட்பதற்குத் தாராளமாகத்தான் தோன்றும். எட்டுப் பேர் கொண்ட குழுவில் அது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். முன்பதிவு காலை 10.30 மணிக்கு. எட்டாவது ஆள் 10.45 மணிக்கு வந்து சேர்கிறார்; எல்லாரும் வந்தால்தான் உள்ளே அமர்த்துவோம் என்னும் இடமாக இருந்தால், மற்ற ஏழு பேரும் அதுவரை வாசலில் நிற்கிறார்கள். உணவுப் பட்டியலைப் படித்து, யார் எதைப் பகிர்வது என்று பேசி, ஆர்டர் கொடுக்கும்போது 11 மணி ஆகிவிடுகிறது. முதல் தட்டு 11.20 மணிக்கு வருகிறது. உண்டு முடிக்க 11.50 ஆகிவிடும், அதற்குள் பணியாளர் பில்லை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார். பல மாதங்களுக்குப் பிறகு சந்தித்த நண்பர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் அவர்களுடைய நேரம் தீர்ந்துவிடுகிறது. இது உணவகத்தின் குற்றமன்று. அந்த வேளையைத் தேர்ந்தெடுக்கும்போதே நாம் ஏற்றுக்கொண்ட நிபந்தனை அது.

பந்திக்கு முந்து என்னும் பழமொழி கல்யாண வீட்டுக்கு முற்றிலும் பொருந்தும். பேசுவதற்காகக் கூடும் நண்பர்கள் உணவகத்தில் கடைசிப் பந்தியையே நாட வேண்டும் என்பேன். இரவில் அது 8 மணிக்குப் பிந்திய பந்தி. பகலில், பிற்பகல் 2.30 அல்லது 3 மணிக்குச் சமையலறையை மூடி மாலை 6 மணிக்கு மீண்டும் திறக்கும் இடங்களில், மதியம் 1 மணியை ஒட்டிய பந்தி. அந்த நேரத்தில் போனால் கூட்டத்தின் உச்சம் தணிந்திருக்கும். பணியாளர்களுக்கும் நம்மைக் கவனிக்க நேரம் இருக்கும். நாள் முழுவதும் இடைவெளியின்றித் திறந்திருக்கும் காப்பியகங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வார இறுதியில் 10 மணிக்கு முன்னதாகவே போய்விடுவது, அல்லது 2 மணிக்குப் பிறகு போவது என்ற இரண்டே வழிகள்தான் உள்ளன.

ஆகவே குழுவிடம் கேட்பதற்கு முன் உணவகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். முன்பதிவுச் செயலி காலியாக உள்ள நேரங்களை மட்டும் காட்டும். நமக்குத் தேவையான மற்ற விவரங்கள் அதில் எப்போதும் இருப்பதில்லை. “எங்களுக்குப் பிறகு அந்த மேசைக்கு வேறு பதிவு இருக்கிறதா? எட்டுப் பேருக்கு ஒரே மேசை கிடைக்குமா, இரண்டாகப் பிரிப்பீர்களா? ஒருவர் தாமதமாக வந்தால் மற்றவர்களை அமரவிடுவீர்களா?” என்று கேட்டாலே போதும். இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளிலேயே பாதி முடிவு வந்துவிடும். வார இறுதி பிரன்ச்சுக்கு முன்பதிவே கிடையாது, வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று சொன்னால், நான்கு பேருக்கு மேற்பட்ட குழு அந்த வேளையை விட்டுவிடுவதே நல்லது. இருவர் அமரும் மேசைகள் விரைவில் காலியாகும். எட்டுப் பேருக்கு மேசைகளை ஒட்டிப்போட வேண்டுமானால் பக்கத்து மேசைகள் ஒரே நேரத்தில் காலியாக வேண்டும். அப்படி அமைவது அரிது.

யாருடைய நேரம் மிகவும் குறுகியது?

எந்தக் குழுவிலும் ஒருவருக்காவது நேரம் கையில் இருக்காது. அவரை மையமாக வைத்து முடிவெடுத்தால் மற்றவர்கள் எப்படியாவது பொருந்திக்கொள்வார்கள். பெரும்பான்மையை வைத்து முடிவெடுத்தால் அவர் வரமாட்டார். அதுவும் காரணத்தைச் சொல்லாமல், “நீங்கள் போய் வாருங்கள்” என்று மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கிவிடுவார். கூட்டுவதன் நோக்கமே எல்லாரையும் ஒரே மேசையில் பார்ப்பது என்றால், இந்தக் கட்டத்தில்தான் அமைப்பாளர் அதிக அக்கறை காட்ட வேண்டும்.

கைக்குழந்தை உள்ள நண்பருக்கு முற்பகலே ஏற்றது. குழந்தை மதியம் தூங்குவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இரவு 8 மணிப் பந்தி அவருக்கு இயலாத ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. சனிக்கிழமை முற்பகல் என்பது நம் ஊரில் பல குடும்பங்களுக்குத் துணைப்பாட வகுப்பு நேரம். பிள்ளையை ஓர் இடத்தில் விட்டு, இன்னோர் இடத்திலிருந்து அழைத்து வரும் அந்த நான்கு மணி நேரத்தில் பிரன்ச்சைப் புகுத்தினால், அவர் மேசையில் அமர்ந்திருந்தாலும் கண் கைக்கடிகாரத்தின் மீதே இருக்கும். மருத்துவமனையிலோ விமான நிலையத்திலோ சுழற்சி முறையில் வேலை செய்பவர், இரவு வேலை முடிந்த காலையில் தூங்கத்தான் விரும்புவார். அவருக்கு இரவு உணவே நல்லது. வயதான பெற்றோரை வீட்டில் பார்த்துக்கொள்பவர், உடன்பிறந்தவர் வந்து மாற்றிவிடும் நேரத்தில்தான் வெளியே வர முடியும். அது எந்த நேரம் என்று அவரையே கேளுங்கள். நாமாக ஊகிக்க வேண்டாம். ஜொகூரிலிருந்து பாலத்தைக் கடந்து வரும் நண்பர் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூரை நோக்கி வரும் வாகன நெரிசலை அவர் தலையில் சுமத்தாதீர்கள்.

சமய ஒழுங்குகளும் நேரத்தோடு பின்னியவை. நம் நண்பர் குழுக்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்தே இருப்பார்கள் என்பதால் இதைக் கவனிக்காமல் எந்த நாளையும் குறிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகலை ஒட்டி முஸ்லிம் ஆண்கள் தொழுகைக்குச் செல்வார்கள். அன்றைய மதிய வேளை அவர்களுக்கு உகந்ததன்று. ஞாயிறு முற்பகல் தேவாலயத்துக்குச் செல்லும் நண்பருக்கு 10.30 மணி பிரன்ச் ஒத்துவராது. 1 மணி ஒத்துவரும். ரமலான் மாதத்தில் பிரன்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இரவு உணவு அருமையாக அமையும்: சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கே மறைவதால் நோன்பு துறக்கும் நேரமும் அதை ஒட்டியே இருக்கும். 6.45 மணிக்கு மேசையைப் பதிந்து, பேரீச்சம்பழமும் தண்ணீரும் முன்கூட்டியே மேசையில் இருக்கும்படி கேட்டுக்கொண்டால், நோன்பு வைத்த நண்பரோடு மற்றவர்களும் சேர்ந்து உண்ணத் தொடங்கலாம். கம்போங் கிளாம் பகுதி உணவகங்கள் அந்த மாதத்தில் சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால் முன்கூட்டியே பதிய வேண்டும்.

இந்து நண்பர்களில் பலர் வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் சைவம் உண்பவர்கள். புரட்டாசி மாதம் முழுவதும், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, அசைவத்தைத் தொடாதவர்களும் உண்டு. தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களிலும் காவடி எடுப்பவர்கள் விரதம் இருப்பார்கள். மீன் தலைக் கறிக்குப் பெயர்போன கடையை அந்த நாள்களில் தேர்ந்தெடுத்துவிட்டு, அவர்களுக்குத் தயிர்ச்சாதம் இருக்கும் என்று சமாதானம் சொல்வது நட்புக்கு அழகன்று. நாளை மாற்றுங்கள், அல்லது கடையை மாற்றுங்கள்.

தட்டில் என்ன வருகிறது?

பிரன்ச்சுக்கும் இரவு உணவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு உணவின் வகையைவிட அது மேசைக்கு வரும் விதத்தில் இருக்கிறது. மேற்கத்திய பாணி பிரன்ச் பெரும்பாலும் தனித்தட்டு உணவு. முட்டையைக் கொதிநீரில் உடைத்து ஊற்றி வேகவைப்பது, ஆம்லெட்டை மடிப்பது எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய வேலை. எட்டுப் பேரும் முட்டை கேட்டால், முதல் இருவரின் தட்டு வந்து பல நிமிடங்கள் கழித்துத்தான் கடைசித் தட்டு வரும். முதலில் பெற்றவர் மற்றவர்களுக்காகக் காத்திருந்தால், வெண்ணெயும் மஞ்சள் கருவும் சேர்த்து அடித்த ஹாலண்டேஸ் சாஸ் ஆறி, மேலே ஏடு படிந்துவிடும்; காத்திராமல் உண்டால் மற்றவர்கள் தொடங்கும்போது அவர் முடித்திருப்பார். நான்கு பேர் வரை இது ஒரு பொருட்டே இல்லை. எட்டுப் பேருக்கு இது ஒரு குறைதான். பிரன்ச்சையே தேர்ந்தெடுத்தால், சூடு ஆறினாலும் கெடாத பான்கேக், வாட்டிய ரொட்டி, சாலட் போன்றவற்றில் இரண்டு மூன்றை நடுவில் வைக்கச் சொல்லி முதலில் வரவழைத்துக்கொள்வது நல்லது.

இரவு உணவு பொதுவாகப் பகிர்ந்து உண்ணும் உணவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் இருக்கும் உணவகங்களான, 1969ஆம் ஆண்டு தொடங்கிய முத்தூஸ் கறியையும் 1974ஆம் ஆண்டு தொடங்கிய பனானா லீஃப் அப்போலோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் தலைக் கறி ஒரே பாத்திரத்தில், புளியும் மிளகாயும் கலந்த குழம்பு கொதித்த சூட்டோடு மேசை நடுவில் வந்து இறங்கும். வெண்டைக்காய் எங்கே, கன்னத்துச் சதை யாருக்கு என்று எல்லாரும் ஒரே பாத்திரத்தை நோக்கிக் குனியும்போது பேச்சு தானாகவே பொதுவாகிவிடுகிறது. தனித்தட்டு மேசையில் பக்கத்தில் இருப்பவரோடு மட்டுமே பேசிவிட்டு எழுவதுண்டு. நடுவில் ஒரு பாத்திரம் இருந்தால் அப்படி நேர்வதில்லை. இந்தக் கடைகளில் மதியமும் அதே கறி கிடைக்கும் என்பதால் பகலிலும் போகலாம். ஆனால் வாழையிலைச் சோறும் மீன் தலைக் கறியும் உண்ட பிறகு மாலைவரை எந்த வேலையும் ஓடாது. அன்றைய பிற்பகலை விட்டுக்கொடுக்க எல்லாரும் தயார் என்றால் மட்டுமே அதை மதியத்தில் வையுங்கள்.

சைவ நண்பர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரன்ச் ஏற்பாடுகளில் மிகுதியாகத் தவறவிடப்படுவது இதுதான். பிரன்ச் பட்டியலில் பச்சை இலைக் குறி போட்டுச் சைவம் என்று காட்டும் உணவுகளில் பலவற்றில் முட்டை இருக்கும். பான்கேக், வாஃபிள், பிரியோஷ் ரொட்டி, ஹாலண்டேஸ் எல்லாமே வழக்கமாக முட்டை சேர்த்துச் செய்பவை. முட்டையும் உண்ணாத நண்பருக்கு அந்தப் பட்டியலில் மிஞ்சுவது அவகாடோ தடவிய ரொட்டியும் பழத் துண்டுகளும்தான். ஹலால் உணவு மட்டுமே உண்ணும் நண்பருக்கும் பிரன்ச் கடினம். பன்றி இறைச்சியில் செய்த பேக்கனும் ஹாமும் அந்தச் சமையலறைகளில் சாதாரணம். முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் வழங்கும் ஹலால் சான்றிதழ் உள்ள இடமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இந்த இருவரும் உங்கள் குழுவில் இருந்தால், சான்றிதழ் பெற்ற இந்திய உணவகத்திலோ சைவ உணவகத்திலோ இரவு உணவு என்பதே என் முதல் பரிந்துரை.

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் முற்பகல் பலகாரம் என்ற வழியும் உண்டு. 1924ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் ஆனந்த பவனிலும், 1947ஆம் ஆண்டு சிராங்கூன் சாலையில் தொடங்கிய கோமளவிலாஸிலும் இட்லி, வடை, பொங்கல், தோசை எல்லாம் கேட்ட சற்று நேரத்தில் வந்துவிடும். நெய்த் தோசையின் மொறுமொறுப்பு மேசைக்கு வந்த சில நிமிடங்கள் வரைதான் நிற்கும்; அதை ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது தோசைக்குச் செய்யும் அநீதி. கூட்ட நேரத்தில் அடுத்தவர் உங்கள் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருப்பார். ஆகவே இத்தகைய இடங்களுக்குப் போவதானால், உண்பதை அங்கேயும் பேசுவதை வேறிடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். பிரன்ச்சின் தனிச் சிறப்பும் அதுதான்: உண்டு எழுந்த பிறகு முழுப் பகலும் நம் கையில் இருக்கிறது. டெம்ப்சியில் உண்டால் அருகிலுள்ள பூமலை எனப்படும் தாவரவியல் தோட்டத்தில் நிழலாகப் பார்த்து நடக்கலாம். 1859ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அத்தோட்டம் 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. இரவு உணவுக்குப் பிறகு இப்படி இடம் மாறுவது கடினம். பரோட்டாக் கடையில் தே தாரிக் அருந்தியபடி தொடர்வது என் நண்பர்களுக்குப் பிடித்த வழி. ஆனால் அதற்குள் சிலர் கடைசி ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டிருப்பார்கள்.

செலவைப் பற்றி வெளிப்படையாக

உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அந்த விலையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், பிறகு அவ்விரண்டின் கூட்டுத்தொகை மீது 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும் என்று பொருள். வரி 2023ஆம் ஆண்டு 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024ஆம் ஆண்டு 9 ஆகவும் உயர்ந்தது. மற்றக் கடைகள் வரியைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் அதில் விலக்கு இருப்பதால்தான் இந்தக் குறிகள். பட்டியலில் 100 வெள்ளி என்று இருப்பது பில்லில் 119.90 வெள்ளி ஆகும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

எடுத்துக்காட்டாக, 28 வெள்ளித் தட்டும் 7 வெள்ளிக் காப்பியும் கொண்ட பிரன்ச் 35 வெள்ளி என்று தோன்றும், கட்டும்போது 41.97 வெள்ளி. இரவில் பகிர்ந்த உணவில் ஒருவர் பங்கு 60 வெள்ளி என்றால், கட்ட வேண்டியது 71.94 வெள்ளி. ஒருவருக்கு 30 வெள்ளி வேறுபாடு சிலருக்குப் பெரிதாகத் தோன்றாது. வேலை மாறும் நிலையில் உள்ளவருக்கோ, வீட்டுக் கடன் புதிதாகத் தொடங்கியவருக்கோ அது கூச்சத்தைத் தரும் தொகை. பொதுக் குழுவில் “செலவு பரவாயில்லையா?” என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அத்தகைய நிலையில் இருப்பவர் என்று தெரிந்தால் தனியாக அழைத்துப் பேசுங்கள், அல்லது பேச்சே எழாதபடி பிரன்ச்சைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

தனித்தட்டு உணவை அவரவர் கணக்காகப் பிரிப்பது எளிது. பகிர்ந்த உணவைச் சமமாகப் பிரிப்பதே வழக்கம் என்றாலும், மது அருந்தியவர்களின் தொகையை முதலில் தனியே எடுத்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருப்பேன். தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் அருந்திய நண்பர் வேறொருவரின் ஒயினுக்குப் பணம் கட்டுவது, அவர் சிரித்த முகத்தோடு கட்டினாலும், அடுத்த முறை அவர் தயங்குவதற்குக் காரணமாகிவிடும். கூட்ட நேரத்தில் எட்டு அட்டைகளில் பில்லைப் பிரித்துக் கொடுக்கப் பல உணவகங்கள் விரும்புவதில்லை. ஒருவர் கட்டிவிட்டு, மற்றவர்கள் அன்றிரவே பேநவ் பணப்பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பிவிடுவது சிறந்தது. வங்கி அட்டைச் சலுகைகளை நம்பிச் செலவைக் கணக்கிடுவதற்கு முன், அவை வார இறுதிக்கும் பொது விடுமுறைக்கும் செல்லுமா என்று நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

இடமும் வானிலையும்

குளிரூட்டப்பட்ட அறைக்குள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். வெளியே அமரும் இடமானால் கவனிக்க வேண்டும். 1982ஆம் ஆண்டு நம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது நண்பகல் 12 மணிக்கு அன்று, ஏறக்குறைய 1 மணிக்கு. ஆகவே 10 மணி பிரன்ச்சில் வெயில் பொறுக்கத்தக்கதாகவும், 12.30 மணி பிரன்ச்சில் தாங்க முடியாததாகவும் இருக்கும். கடற்கரையிலோ மரினா பே நீர்முகத்திலோ உண்பதானால் 6.30 மணிக்கு அமர்வதே அழகு. அந்தி வெளிச்சமும் கிடைக்கும், விளக்குகள் ஏற்றப்படுவதையும் பார்க்கலாம். அந்தக் காட்சிக்காக மட்டும் முதல் பந்தியை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

தேக்காவைப் பொறுத்தவரை ஞாயிறு மாலையைத் தவிர்க்கச் சொல்வேன். வெளிநாட்டு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. ஊர்க்காரர்களைச் சந்திக்கவும், வீட்டுக்குப் பணம் அனுப்பவும், நல்ல சோறு உண்ணவும் அவர்கள் அங்கே கூடுகிறார்கள். வேறு நாள் போக முடிகிற நாம் அந்த மாலையில் எட்டு இருக்கைகளை நெடுநேரம் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிராங்கூன் சாலையின் ஒளியூட்டைப் பார்க்கவும் துணி எடுக்கவும் கூட்டம் திரளும். அப்போது முற்பகலே உகந்தது.

போக்குவரத்தில் நினைவில் வைக்க வேண்டியவை சில. பெருவிரைவு ரயில் சேவை நள்ளிரவை ஒட்டி முடிந்துவிடும். டாக்சியில் மாலை நெரிசல் நேரத்துக்கு மீட்டர் கட்டணத்தில் 25 விழுக்காடும், நள்ளிரவுக்குப் பிறகு 50 விழுக்காடும் கூடும். ஈசூனுக்கும் ஜூரோங் வெஸ்ட்டுக்கும் பொங்கோலுக்கும் திரும்ப வேண்டியவர்கள் இருக்கும்போது, ரயில் நிலையத்திலிருந்து தள்ளியிருக்கும் டெம்ப்சி போன்ற இடத்தில் கடைசிப் பந்தி வைத்தால், யார் யாரோடு காரில் திரும்புவார்கள் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். கார் வைத்திருப்பவர்களுக்கு ஞாயிறு பிரன்ச் சாதகமானது: அன்று மின்னியல் சாலைக் கட்டணம் இல்லை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பல கார் நிறுத்துமிடங்களில் காலை 7 மணி முதல் இரவு 10.30 வரை கட்டணமும் இல்லை.

குழுவிடம் கேட்கும் விதம்

“எப்போது வசதி?” என்று திறந்த கேள்வி கேட்டால் எட்டுப் பேரிடமிருந்து எட்டு விடைகள் வரும். மேலே சொன்னவற்றை நீங்களே பார்த்து, இரண்டு வாய்ப்புகளை மட்டும் முன்வையுங்கள். எது பிடிக்கும் என்று கேட்காமல், எது இயலாது என்று கேளுங்கள். பின்வருமாறு எழுதலாம்:

“அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நேரம் பார்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை 10.30, மேசை 12 மணி வரை, ஒருவருக்குச் சுமார் 42 வெள்ளி. அல்லது அடுத்த வியாழக்கிழமை இரவு 8.15, கடைசிப் பந்தி, ஒருவருக்குச் சுமார் 72 வெள்ளி, மது தனிக் கணக்கு. இரண்டு இடத்திலும் முட்டை இல்லாத சைவம் உண்டு என்று கேட்டுவிட்டேன். எந்த நேரம் வரவே முடியாது என்பதை மட்டும் செவ்வாய் இரவுக்குள் சொல்லுங்கள். புதன் காலையில் பதிந்துவிடுவேன்.”

நேரம், எல்லை, தொகை, கெடு நான்கும் ஒரே செய்தியில் இருப்பதால், பதில்கள் விரைவாக வரும். இரண்டும் எல்லாருக்கும் இயலும் என்றால் அமைப்பாளரே முடிவு செய்யலாம். அப்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்த உணவகத்தின் சமையலுக்காகப் போகிறோமா, ஒருவரையொருவர் பார்க்கப் போகிறோமா? சமையலுக்காக என்றால், பட்டியல் முழுமையாக இருக்கும் இரவு. பார்ப்பதற்காக என்றால், உண்டபின் வேறிடம் போய்ப் பேச்சைத் தொடரலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டால் பிரன்ச். இல்லையேல் கடைசிப் பந்தி.

பதிந்த பிறகு வேலை முடிந்துவிடாது. பெரிய குழுவுக்குப் பல இடங்களில் கடன் அட்டை எண்ணையோ முன்பணத்தையோ கேட்பார்கள். வராத ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தொகை பிடிக்கப்படலாம். எத்தனை மணி நேரத்துக்கு முன் எண்ணிக்கையைக் குறைத்தால் கட்டணம் இல்லை என்று கேட்டு, அந்த நேரத்தையும் குழுவில் எழுதிவிடுங்கள். அதற்கு முந்தைய நாள் மாலையில் ஒவ்வொருவரிடமும் உறுதி கேளுங்கள். எட்டில் மூவர் விலகிவிட்டால், உடனே உணவகத்தை அழைத்து ஐந்து பேருக்கு மாற்றச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கு உகந்த வேளை எட்டுப் பேருக்கு உகந்த வேளையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்பதால், முன்பு கைவிட்ட பிரன்ச் நேரம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று அதே அழைப்பிலேயே விசாரித்துவிடலாம்.